கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றியபோது அப்பா ஒரு கல்லையும் ஏற்றினார். கட்டில் ஏறிவிட்டது. அண்டாவும் குண்டானும் ஏறிவிட்டன. துணி மூட்டைகளின் மேல் அம்மாவும் பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பப் போகிற நேரத்தில் அவர் காலி வீட்டுக்குள் திரும்பிப் போய், பூசணிக்காய் அளவில் ஒரு கறுப்புக் கல்லை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார்.

ஓட்டுநருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏண்ணே, இவ்வளவு நாள் கல்லு உடைச்சது போதாதா? போற எடத்துல கல்லே கிடைக்காதுன்னு பயமா?"

"கிடைக்காதுதான்," என்றார் அப்பா. "அது ஆத்து மண்ணு. எவ்வளவு தோண்டினாலும் சேறுதான் வரும். அப்புறம் இவ கத்தி தீட்ட எங்க போவா?"

இவ என்று அவர் சொன்னது அம்மாவை. அம்மா மூட்டை மேலிருந்து, "நான் கேட்டேனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் லாரி குலுங்கியபோதெல்லாம் கல் உருண்டுவிடாமல் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். மூத்த மகள் அதைப் பார்த்தாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்துச் சிறுமி.

அவர்கள் மலையை விட்டுக் கிளம்பியதற்கும் ஒரு கறுப்புக் கல்தான் காரணம். அந்த மலையில் இருந்தது பெரும்பாலும் வெள்ளையும் சாம்பலும் கலந்த பாறை. படிக்கட்டுக்கும் தூணுக்கும் பலகை பலகையாக வெட்டி எடுப்பார்கள். அதன் நடுவே ஒரு கறுப்பு வரி, துணியில் நெய்த கரை மாதிரி, மேலிருந்து கீழே ஓடியது. அது வெட்டுக்கு அடங்காது. உளியை வைத்தால் ஒழுங்காகப் பிளக்காமல் கூர்கூராகத் தெறிக்கும். பக்கத்தில் இருக்கிற நல்ல பாறையையும் கெடுத்துவிடும். "கறுப்பு வந்துருச்சு" என்று ஒருவன் கத்தினால், அன்றைய உழைப்பு மண்ணாய்ப் போயிற்று என்று அர்த்தம். குழி ஆழமாக ஆழமாக அந்த வரி அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் பலகைக்குத் தேறும் கல்லே இல்லை என்றானதும் முதலாளி இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். குழியில் தண்ணீர் நிரம்பியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆற்றங்கரை நகரத்துக்கு இறங்கின.

அப்பா சாகும்வரை அந்தக் கறுப்பைத் திட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திட்டவும் செய்தார். ஆனால் அம்மாவின் கத்தி தீட்டுகிற கல்லும் அதே கறுப்பு என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்.

புது வீட்டில் வாசல் கதவு நிற்கவில்லை. ஆற்றுக் காற்று அடித்தால் படாரென்று சாத்திக்கொள்ளும். அம்மா கத்தி தீட்டி முடித்ததும் கல்லைக் கதவோரம் தள்ளி வைப்பாள். கொஞ்ச நாளில் கல்லுக்கு அதுவே இடம் ஆகிவிட்டது. அம்மா போன பிறகு கத்தி தீட்ட யாரும் அதைத் தேடவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்தபடி கிடந்தது. வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அதில் கால் இடித்திருக்கிறார்கள். இடிக்கும்போதெல்லாம் மகள், "ஒரு நாள் இதைத் தூக்கிப் போடுறேன் பாரு" என்பாள். போட்டதில்லை.

அந்த மகளை இப்போது அவள் வேலை செய்யும் இடத்தில் சாம்பலக்கா என்று கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால் அவள் வேலையையும் சொன்ன மாதிரி ஆகிவிடும். பல்கலைக்கழகத்தில் பாறைகளை ஆராயும் துறையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு நீளமான அறை இருக்கிறது. அங்கேதான் கல்லைச் சீவுகிறார்கள். விளையாட்டில்லை, நிஜமாகவே சீவுகிறார்கள். வைரத்தூள் பதித்த ரம்பத்தில் கல்லை ஒரு வில்லையாக அறுத்து, ஒரு முகத்தை வழவழப்பாக்கி, கண்ணாடித் துண்டில் பிசின் போட்டு ஒட்டுவார்கள். பிறகு தண்ணீரும் அரைப்புப் பொடியும் தெளித்த பலகையில் அதை வைத்துத் தேய்க்க வேண்டும். தலைமுடியை விட மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். எந்தக் கல்லும் அந்த அளவுக்குப் போனால் கண்ணாடி போல ஆகிவிடும். அப்போது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கல்லின் உள்ளே என்னென்ன கனிம மணிகள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். மைக்ராஸ்கோப்பின் சிறப்பு வெளிச்சத்தில், கல் இன்னும் தடிமனாக இருந்தால் அதன் வெளிறிய மணிகள் மஞ்சளாகத் தெரியும். சரியான மெல்லிசுக்கு வந்ததும் அந்த மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாகும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். இன்னும் நாலு சுற்று தேய்த்தால் கல்லே இருக்காது, கண்ணாடிதான் மிஞ்சும். அதனால் அவள் தேய்ப்பதும் பார்ப்பதுமாக இருப்பாள். அந்த நிறம் வந்தவுடன், "சாம்பல் வந்துருச்சு!" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது.

அவள் கணவர் நகரப் பேருந்தில் நடத்துநர். "அவனவன் பொண்டாட்டிக்குத் தங்கம், முத்துன்னு பேரு. எனக்கு வாய்ச்சது சாம்பல்" என்று பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

துறையில் அவள் முதலில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். ரம்பத்தின் அடித்தட்டில் தேங்கும் கல் சேற்றை வழித்துக் கொட்டுவது அவள் வேலை. சீவுகிறவர் வேலையை விட்டுப் போன பிறகு பேராசிரியை ஒரு நாள், "நீங்க பண்ணிப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். அவள் பண்ணிப் பார்த்தாள். கெடுத்த வில்லைகளுக்குக் கணக்கில்லை. பேராசிரியை ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. "கல்லுக்கா பஞ்சம்? இன்னொண்ணு அறுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையால்தான் தனக்கு இந்தக் கை வந்தது என்று சாம்பலக்கா இன்றைக்கும் சொல்வாள்.

ஆனால் இன்னொன்று அறுக்க முடியாத கல் ஒன்று ஒரு நாள் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் அருங்காட்சியகத்தின் காப்பாளர். ஒல்லியான மனிதர். குழந்தையைக் குளிப்பாட்டிச் சுற்றும் பூப்போட்ட துண்டில் எதையோ பொதிந்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"என் பேத்தியோட துண்டு," என்றார், கேட்காமலேயே. "வீட்ல இதைவிட மெத்துனு வேற ஒண்ணும் இல்ல."

உள்ளே ஒரு கற்கோடரி. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். கறுப்பு. ஒரு முனை கூராக, யாரோ நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது. ஆற்றங்கரையில் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஆழத்துச் சேற்றில் கிடைத்ததாம். உலோகம் என்ற ஒன்றை மனிதர்கள் அறியாத காலத்தது.

"இந்தச் சமவெளி முழுக்க வண்டல்தான்," என்று பேராசிரியை சாம்பலக்காவிடம் விளக்கினார். "ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணு. ஒரு கூழாங்கல்கூட ஒழுங்காக் கிடையாது. அப்போ இந்தக் கோடரிக்குக் கல்லு எந்த மலையிலேர்ந்து வந்துச்சு? அது தெரிஞ்சா, அந்தக் காலத்து ஜனங்க எந்த வழியா நடந்தாங்கன்னு தெரிஞ்சுடும்."

காப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இதுல ஒரு வெட்டுப் போட அனுமதி வாங்குறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சுப் போச்சும்மா. பின்பக்கம், விரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு வெட்டு. ரெண்டாவது வெட்டுன்னா மேல இருக்கிறவங்க என்னை வெட்டிடுவாங்க."

ரம்பம் சுழலத் தொடங்கியதும் அவர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். "முடிஞ்சிருச்சா?"

"இன்னும் கல்லை வைக்கவே இல்லை சார்."

வெட்டு சுத்தமாக விழுந்தது. கிடைத்த சிறு துண்டை அவள் இரண்டாக்கினாள். ஒன்று சீவுவதற்கு, இன்னொன்று எதற்கும் இருக்கட்டும் என்று. அந்த முன்யோசனைக்காக அவள் பிறகு தன் கையையே தடவிக் கொடுத்துக்கொண்டாள்.

முதல் துண்டு போயே போய்விட்டது.

எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பிசின் இறுகியது. முரட்டுப் பொடியில் தேய்த்தாள். நைசுப் பொடிக்கு மாறினாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள், மஞ்சள். இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். பலகையில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. பொடிதான் என்று நினைத்தாள். கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபோது நடுவில் ஒன்றுமே இல்லை. வெளியே நின்ற மரம் அதன் வழியே பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் மட்டும் பொட்டு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் தொட்டதும் அதுவும் சேறாக விரலோடு வந்தது.

சாம்பலக்கா பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேராசிரியையைக் கூப்பிட்டாள்.

தவறு எங்கே என்று புரிய நேரமாகவில்லை. அவள் இதுவரை சீவியதெல்லாம் மலையிலிருந்து புதிதாக உடைத்து வந்த கல். உள்ளும் புறமும் ஒரே உறுதியாக இருக்கும். இந்தக் கோடரியோ ஆயிரக்கணக்கான வருஷம் ஈரச் சேற்றில் ஊறியது. மேலுக்குக் கல்லாகத் தெரிந்தாலும் தோல் பகுதி உள்ளுக்குள் சோறு மாதிரி நைந்திருந்தது. அதை முதலிலேயே பிசினில் ஊறவைத்துக் கெட்டியாக்கியிருக்க வேண்டும். புதுக் கல்லைத் தேய்க்கிற கை, பழக்கத்தில் அதே அழுத்தம் கொடுத்துவிட்டது.

"என் தப்பும்தான்," என்றார் பேராசிரியை. "உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும். எனக்கே தோணலை."

காப்பாளர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கோடரியைத் துண்டில் சுற்றியபடி, "இன்னொரு துண்டு இருக்குல்லம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. முந்தையதைவிடச் சின்னது. அதுவும் போனால் அந்தக் கோடரி முதுகில் ஒரு வடுவோடு, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமலேயே அலமாரிக்குத் திரும்பிவிடும். அவரும் மேலே இருப்பவர்களிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவள் கதவோரக் கல்லில் கால் இடித்தாள். வழக்கமாகச் சொல்வதைக்கூடச் சொல்லவில்லை. அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னைக்குக் கல்லைத் திட்டலை? உடம்பு சரியில்லையா?" என்றார் கணவர்.

அவள் நடந்ததைச் சொன்னாள். கணவர் முதல்முறையாகக் கேலி எதுவும் தோன்றாமல் தலையைச் சொறிந்தார். மலையில் பாறைக்கு வைத்த வெடிச் சத்தத்தில் பாதிக் காதைத் தொலைத்திருந்த அப்பா, மூலையில் கட்டிலில் இருந்தபடி இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"ஒரு கல்லைக் கெடுத்துட்டேன்பா!" அவள் கத்திச் சொன்னாள்.

"கல்லையா? கல்லுல கெடுக்க என்ன இருக்கு? என்ன கல்லு?"

"கறுப்பு!"

"கறுப்பா?" அப்பா கையை உதறினார். "கறுப்பை எவனாவது தேடிப் போவானா? விட்டுத் தள்ளு."

அவள் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அப்பா, எனக்குப் பழகிப் பாக்க ஒரு கறுப்பு வேணும். மேல்தோல் வெயில்லயும் மழையிலயும் நைஞ்சுபோன கறுப்பு. அதுல ஒரு தடவ சரியா பண்ணிட்டா அப்புறம் தைரியமா அந்தக் கடைசித் துண்டைத் தொடுவேன்." கதவைக் காட்டினாள். "நம்ம கல்லு. ஒரு ஓரம் மட்டும் போதும்."

அப்பாவுக்கு இது மட்டும் முதல் தடவையே தெளிவாகக் கேட்டுவிட்டது.

"அது உங்கம்மா கல்லு."

"தெரியும்பா."

"முடியாது."

கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கணவர் சைகையால், 'விடு' என்றார். அவள் விட்டாள். அம்மாவின் கை தேய்த்துத் தேய்த்துப் பள்ளமான கல்லை அறுக்கக் கேட்டது தப்புதான் என்று அவளுக்கே தோன்றியது.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி வந்து பார்த்தால், கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் கனத்த பை. பைக்குள் கல்லும், அவருடைய பழைய சுத்தியலும்.

"நானும் வருவேன்," என்றார். "எந்தப் பக்கம் உடைக்கிறதுன்னு நான்தான் சொல்வேன். தீட்டின பக்கத்துல எவனும் கை வைக்கக் கூடாது."

தெருமுனையைத் தாண்டி அவர் போய் எவ்வளவோ காலமாகியிருந்தது.

மருமகனின் பேருந்துதான் வந்தது. "மாமா, உங்களுக்கு டிக்கெட் வேணாம். ஆனா மடியில வச்சிருக்கீங்களே, அதுக்கு ஒரு முழு டிக்கெட் எடுக்கணும்," என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது. அப்பாவுக்குக் காதில் விழவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தார்.

பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பாலத்தின் தூண்களை ஒட்டி, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்காக, எருமைகள் வரிசையாகப் படுத்த மாதிரி பாசி படிந்த பாறை முதுகுகள் தலைகாட்டின. அப்பா ஜன்னலில் முகத்தை வைத்து அதையே பார்த்தார்.

"இங்க பாறை இருக்கா?" என்றார் ஆச்சரியமாக. "எனக்குத் தெரியாதே."

அன்று என்ன ஆகிறதோ என்று பார்க்கக் காப்பாளரும் சீவும் அறைக்கு வந்திருந்தார். அப்பாவும் அவரும் அடுத்தடுத்த முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். மருத்துவமனையில் உறவுக்காரரை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற இரண்டு பேர் மாதிரி இருந்தார்கள். இடையில் தேநீர் வந்தது.

சாம்பலக்கா ரம்பத்தைத் துடைத்தாள். அப்பா எழுந்தார். "ரம்பம் எதுக்கு? கல்லை அங்க வை."

தரையில் சாக்கை விரித்துக் கல்லைக் கிடத்தினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரல் கணுவால் தட்டி, தாடையைக் கல்லின்மேல் வைத்து அந்த அதிர்வை உணர்ந்தார். காது போன பிறகு அவர் கல்லைக் கேட்கிற விதம் அது. பிறகு ஒரு மூலையில், லேசாக, சுத்தியலை இறக்கினார்.

ஒரு சில்லு விர்ரென்று பறந்து நேராகக் காப்பாளரின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது.

"ஐயோ தம்பி! பட்டுச்சா?" என்று அப்பா பதறினார்.

காப்பாளருக்குச் சட்டையெல்லாம் தேநீர். கோப்பைக்குள் இரண்டு விரலை விட்டுச் சில்லை எடுத்தார், கைக்குட்டையால் துடைத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கிளிஞ்சல் மாதிரி வளைவு, ஓரம் பிளேடு மாதிரி கூர்.

"அய்யா," என்றார் சத்தமாக. "எங்க அலமாரியில இதே மாதிரி சில்லுங்க ஒரு தட்டு நிறைய இருக்கு. கோடரி கிடைச்ச அதே குழியில எடுத்தது. அச்சா இதே வளைவு!"

"கறுப்பு அப்படித்தான் தெறிக்கும்," என்றார் அப்பா, மன்னிப்புக் கேட்கிற குரலில். "வெள்ளைக் கல்லு பொடியா உதிரும், இல்லன்னா பலகையாப் பிளக்கும். இது மட்டும் கத்தி கத்தியா வரும். எங்களுக்கு இது பெரிய தொல்லை தம்பி."

"அந்தக் காலத்து ஜனங்களுக்கு அதுதானே அய்யா வேணும்!"

அப்பா சுத்தியலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தன் முக்காலியைக் காப்பாளர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டதை சாம்பலக்கா கவனித்தாள்.

சில்லின் வெளிப்புறத்தில் பழுப்பேறிய தோல் இருந்தது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். நீர்த்த பிசினில் சில்லை முக்கி, காற்றை உறிஞ்சும் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து மூடினாள். கல்லின் நுண்ணிய ஓட்டைகளிலிருந்து காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. காற்று போன இடத்தில் பிசின் புகுந்தது. இறுகுவதற்கு ஒரு நாள் விட்டாள். மறுநாள் தேய்த்தபோது தண்ணீர் கலங்கவில்லை. தோலும் உள்ளும் ஒன்றாகத் தேய்ந்தன. மஞ்சள் போய்ச் சாம்பல் வந்தது. அந்தக் கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு, கோடரியின் கடைசித் துண்டையும் அதே பிசினில், அதே ஜாடியில் இறக்கினாள்.

அது தயாரான காலையில் அறையில் எல்லோரும் இருந்தார்கள். "முடிவு தெரியாம நான் எப்படி வீட்ல உக்காந்திருப்பேன்?" என்று அப்பாவும் மறுபடி வந்துவிட்டார். பேராசிரியை மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். சாம்பலக்கா தேய்த்தாள். கொஞ்சம் தேய்ப்பாள், கழுவுவாள், கொடுப்பாள்.

"மஞ்சள்," என்பார் பேராசிரியை.

தேய்ப்பாள்.

"இன்னும் மஞ்சள்தான்."

சுட்டுவிரல் நுனியால் மட்டும் அழுத்தினாள். விரலுக்கும் பலகைக்கும் இடையில் இருந்தது கண்ணாடியும், அதில் ஒரு மூச்சுக் காற்று அளவு கல்லும்தான். காப்பாளர் கண்ணை மூடியிருந்தார். அப்பா கண்ணை மூடவில்லை. மகளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அம்மா கத்தி தீட்டுவது ஞாபகம் வந்தது. அழுத்த மாட்டாள் அம்மா. கத்தியின் கனத்தையே வேலை செய்ய விடுவாள். சாம்பலக்கா விரலை இன்னும் தளர்த்தினாள். கழுவிக் கொடுத்தாள்.

பேராசிரியை பார்த்தார். எழுந்து இடம் விட்டார். "நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தாள். உள்ளே சின்னச் சின்னக் குச்சிகள் மாதிரி மணிகள். எல்லாம் சாம்பல்.

"சாம்பல் வந்துருச்சு!"

காப்பாளர் கண்ணைத் திறந்து, பேத்தியின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. அந்த அறையில் கேட்காதவர் யாருமில்லை.

ஆனால் பேராசிரியை அதற்குள் வேறு எதையோ செய்துகொண்டிருந்தார். கோடரிக் கண்ணாடியை எடுத்துவிட்டு, பழகுவதற்காகச் சீவிய கண்ணாடியை வைத்தார். பார்த்தார். மறுபடி கோடரி. மறுபடி அது. பிறகு சாம்பலக்காவைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இதுல வெளிறின கொத்து ஒண்ணு தெரியுதா? விரலை விரிச்ச கை மாதிரி?"

"தெரியுது மேடம்."

"இதுல?"

"இதுலயும் அதே கைதான்." அவளுக்குக் குழப்பமாக இருந்தது. "இப்ப எது கோடரி மேடம்? எது எங்க கல்லு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். உங்க வீட்டுக் கல்லு எந்த ஊருக் கல்லு?"

அவள் மலையின் பெயரைச் சொன்னாள். பேராசிரியை நெற்றியில் கைவைத்துச் சிரித்தார். கோடரி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று அவர் நினைத்த மலைகள் மூன்று. இரண்டிலிருந்து மாதிரிக் கல் வந்துவிட்டது. எதிலும் இந்தக் கைவிரல் கொத்து இல்லை. மூன்றாவது மலைக்கு மாணவர்களை அனுப்பியபோது, கறுப்பு வரி இருந்த குழி முழுக்கத் தண்ணீராம். வெறும் வெள்ளைக் கல்லோடு திரும்பி வந்தார்கள். அந்த மலைதான் இது.

சாம்பலக்கா பழகிப் பார்க்க ஒரு கல் கேட்டாளே தவிர, அதுவே மாதிரியாகும் என்று நினைக்கவே இல்லை. தினமும் கால் இடிக்கிற கல்லை அப்படி யார் நினைப்பார்கள்?

"இன்னும் ரசாயனச் சோதனை பண்ணணும்," என்றார் பேராசிரியை. "கண்ணால பாத்ததை மட்டும் வச்சு நான் எழுத மாட்டேன்." ஆனால் அவர் முகம் ஏற்கனவே எழுதிவிட்டிருந்தது. சோதனையும் பிறகு அதையேதான் சொன்னது.

பேராசிரியை அப்பாவின் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு, நல்ல காதுப் பக்கம் குனிந்து சத்தமாகச் சொன்னார். "அய்யா, பூமிக்கு அடியில உருகின குழம்பு உங்க மலையோட விரிசல்ல ஏறி உறைஞ்சதுதான் அந்தக் கறுப்பு. மனுசன் பொறக்குறதுக்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னாடி. இங்க கீழே ஆறு நல்ல மண்ணைக் கொண்டுவந்து போட்டுச்சு. வெதைச்சா விளையும். ஆனா விதைக்கிறதுக்கு முன்னாடி காட்டை வெட்டணும்ல? வெட்டக் கோடரி வேணும். கோடரிக்குக் கல்லு இங்க இல்ல. மலையில கல்லு இருக்கு, மண்ணு இல்ல. அதனால ஜனங்க நடந்தாங்க. கல்லு கீழே வந்துச்சு, தானியம் மேல போச்சு. அப்படி நடந்தவங்க ஆத்தைக் கடக்கணும். எங்க கடப்பாங்க?"

"பாலத்துக்கிட்ட," என்றார் அப்பா உடனே. "அங்கதான் பாறை இருக்கு. தண்ணி முழங்காலுக்குத்தான் வரும்."

"அந்தப் பாறை கோடரிக்கு ஆகாது, கடக்கத்தான் ஆகும். அதான் இந்த ஊரே அங்க உண்டாச்சு. கடக்குறவங்க தங்கினாங்க, தங்கினவங்க வீடு கட்டினாங்க."

அப்பா கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் சிதைந்த, கணுக்கள் புடைத்த கைகள்.

"கறுப்பு வந்துச்சுன்னு நாங்க மலையை விட்டு இறங்கினோம்," என்றார் மெதுவாக. "அவங்க கறுப்பு இருக்குன்னு மலை ஏறினாங்களா?"

"ஆமாய்யா."

"அதை நான் திட்டாத நாள் கிடையாதும்மா." பிறகு சட்டென்று மகளைப் பார்த்துச் சிரித்தார். "லாரிக்காரன் என்னைப் பைத்தியம்னு நினைச்சான். எனக்கு முன்னாடியே ஒருத்தன் இங்க கல்லைத் தூக்கிட்டு வந்திருக்கான் பாத்தியா? அவனுக்கு லாரியும் இல்ல பாவம்."

சாம்பலக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மலையை விட்டு வந்ததற்காகக் கறுப்பைத் திட்டிக்கொண்டு மூலையில் படுத்திருந்த மனிதர், சலவைச் சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். முதல் துண்டு கெடாமல் இருந்திருந்தால் அவள் வீட்டுக் கல்லைக் கேட்டிருக்கவே மாட்டாள். கேட்காமல் இருந்திருந்தால் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார். யாருக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேர் தெரியாத ஒருவன், அல்லது ஒருத்தி, கறுப்புக் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடப்பதை நினைத்துப் பார்த்தாள். அந்தக் கோடரி விழுத்திய மரம் நின்ற இடத்தில்தான் முதல் வயல் வந்திருக்கும். இந்தத் தெருக்களும் இந்த அறையும் அதற்கு எவ்வளவோ பின்னால் வந்தவை. அப்பாவும் அம்மாவும் லாரியில் வந்து இறங்கியபோது, அவர்களுக்கு முன்பே அவர்கள் மலை இங்கே வந்து சேர்ந்திருந்தது.

கோடரி முதுகில் சின்ன வடுவோடு அலமாரிக்குத் திரும்பியது. கூடவே அப்பா உடைத்த சில்லின் மிச்சத்தையும் வைக்க வேண்டும் என்று காப்பாளர் கேட்டார். அப்பா பெருந்தன்மையோடு தலையசைத்தார். "சில்லை எடுத்துக்கோங்க தம்பி. கல்லைக் கேக்காதீங்க. கதவு அடிச்சுக்கும்." இப்போது அவர் மருமகன் பேருந்தில் அடிக்கடி அருங்காட்சியகத்துக்குப் போய்வருகிறார். அலமாரி முன்னால் நிற்கிறவர்களிடம் அந்தச் சில்லு யாருடையது என்று, தேவையான சத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறாராம்.

கல் கதவோரத்துக்கு வந்துவிட்டது. உடைந்த மூலை சுவர்ப்பக்கம் இருக்கிறது, அம்மா தீட்டிய பள்ளம் மேலே பார்த்து இருக்கிறது. வேலை முடிந்து வந்த அன்று மாலை, சாம்பலக்கா செருப்பைக் கழற்றிய வேகத்தில் மறுபடி அதில் கட்டைவிரலை இடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து கணவர், "என்ன, தூக்கிப் போடப் போறியா?" என்றார்.

அவள் ஒரு காலில் நின்று விரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். காற்று அடித்தது. கதவு அசையவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.